பண்ணை வீட்டு நீச்சல்குளத்தைச் சூடாக்கும் ஹீட் பம்ப்: பின்னணியில் இருக்கும் சாடி கார்னோ யார்?

வில்லியனூர், பாகூர் பக்கம் வார இறுதிக்குப் பண்ணை வீடு வாடகைக்கு எடுத்துப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சுற்றிலும் வயல், தென்னந்தோப்பு, நடுவில் நீல டைல்ஸ் போட்ட நீச்சல்குளம். போட்டோவில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் மார்கழி, தை மாதக் காலையில் தண்ணீரில் கால் வைத்தால் உடனே வெளியே எடுக்கத்தான் தோன்றும். குழந்தைகளும் வயதானவர்களும் வெயில் ஏறும் வரை பக்கத்திலேயே போக மாட்டார்கள்.

இதற்குத் தீர்வாக இப்போது பலரும் வாங்குவது ஹீட் பம்ப். ஏ.சி-யின் அவுட்டோர் யூனிட் மாதிரியே ஒரு பெட்டி. உள்ளே ஃபேன், கம்ப்ரசர், காயில். வெளியில் திறந்த இடத்தில் வைத்து, குளத்துத் தண்ணீர் ஓடும் பைப்பில் இணைத்துவிட்டால், தண்ணீரைத் தேவையான அளவுக்குச் சூடாக்கித் தரும். ஒரு யூனிட் மின்சாரம் வாங்கி ஐந்து யூனிட் வெப்பம் தரும் என்று கடைக்காரர் சொல்வார். கேட்டதும் நமக்குச் சந்தேகம் வரும். ஒன்று கொடுத்து ஐந்து வாங்குவது எப்படி? ஏமாற்று வேலையா?

இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை 1824-லேயே கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சு ராணுவ இன்ஜினீயர். பெயர் சாடி கார்னோ. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கார்னோ இயந்திரம் என்று படித்திருப்போமே, அதே கார்னோதான். தேர்வுக்காக வரைபடத்தை மனப்பாடம் செய்த பலருக்கும் அந்த மனிதர் 36 வயதில் இறந்துபோனதும், அவர் புத்தகத்தை ஏறக்குறைய யாருமே வாங்கவில்லை என்பதும் தெரியாது.

புரட்சிக்கு நடுவில் பிறந்த பிள்ளை

சாடி கார்னோ பிறந்தது 1796 ஜூன் 1, பாரிஸ். பிறந்த இடம் சாதாரண வீடு இல்லை, பெத்தி லுக்சம்பூர் மாளிகை. அப்பா லசார் கார்னோ அப்போது பிரான்ஸை ஆண்ட ஐந்து பேர் குழுவில் ஒருவர். புரட்சிக் காலத்தில் பிரெஞ்சுப் படைகளைக் கட்டமைத்தவர் என்று பெயர் எடுத்தவர். அதோடு நல்ல கணித அறிஞர். தண்ணீர்ச் சக்கரம், நெம்புகோல் போன்ற இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று 1783-லேயே ஒரு நூல் எழுதியிருந்தார்.

சாடி என்பது பிரெஞ்சுப் பெயரே இல்லை. பாரசீகக் கவிஞர் சாதியின் மீது அப்பாவுக்கு அவ்வளவு பிரியம், அதனால் மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோதே வீட்டு நிலைமை தலைகீழானது. 1797-ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் அப்பா நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் திரும்ப முடிந்தது. 1800-ல் சில மாதங்கள் போர்த்துறை அமைச்சராகவும் இருந்தார்.

அந்த நாட்களில் நடந்ததாகத் தம்பி இப்போலித் கார்னோ பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. நெப்போலியனின் மனைவியும் மற்ற பெண்களும் குளத்தில் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். நெப்போலியன் கரையில் இருந்து கல் எறிந்து அவர்கள் மேல் தண்ணீர் தெறிக்க வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்த நாலு வயசுச் சாடி நேராக அவர் முன்னால் போய் நின்று, அந்தப் பெண்களைத் தொந்தரவு செய்யாதே என்று அதட்டினானாம். ஐரோப்பாவே பயந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

பதினாறு வயதில் கல்லூரி, பதினேழில் போர்

1812-ல் பாரிஸின் எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்தார் சாடி. வயது 16. அதற்கும் கீழே சேர்க்க மாட்டார்கள். நம்ம ஊர் ஐ.ஐ.டி மாதிரி கடும் போட்டி உள்ள இடம். ஆம்பியர், கே-லுசாக், புவாசோன், அராகோ என்று பாடப்புத்தகத்தில் பெயராக மட்டுமே நமக்குத் தெரிந்தவர்கள் அங்கே வாத்தியார்கள்.

1814 மார்ச் மாதம் எதிரிப் படைகள் பாரிஸை நெருங்கின. கல்லூரி மாணவர்களும் ஆயுதம் ஏந்தினார்கள். வென்சென் பகுதியில் நடந்த சண்டையில் சாடியும் இருந்தார். பாரிஸ் விழுந்தது. அதே ஆண்டு படிப்பை முடித்துவிட்டு, மெட்ஸ் நகர ராணுவ இன்ஜினீயரிங் பள்ளிக்குப் போனார்.

1815-ல் நெப்போலியன் கடைசியாக ஒருமுறை ஆட்சிக்கு வந்தபோது அப்பா லசார் உள்துறை அமைச்சரானார். சில மாதங்களில் நெப்போலியன் வீழ்ந்தார். மன்னராட்சி திரும்பியது, லசார் நாடு கடத்தப்பட்டார். அப்பாவின் பெயரால் கதவுகள் திறந்த காலம் போய், அதே பெயரே பாரமாகிவிட்டது. சாடி கோட்டை கோட்டையாக மாற்றப்பட்டார். சுவர் அளப்பது, வரைபடம் போடுவது, யாரும் படிக்காத அறிக்கை எழுதுவது, இதுதான் வேலை. இன்றைய ஐ.டி கம்பெனியில் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

இதே சமயத்தில்தான், 1816 டிசம்பரில், ஆங்கிலேயர் பிடியில் இருந்த புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. வில்லியனூரும் பாகூரும் அதில் சேர்த்தி. ஆக, கார்னோவும் நம்ம பாகூர் விவசாயியும் ஒரே அரசின் கீழ் வாழ்ந்தவர்கள்.

அரைச் சம்பளத்தில் கிடைத்த சுதந்திரம்

1819-ல் தேர்வு எழுதித் தலைமையகப் பிரிவுக்கு மாறினார். உடனே நீண்ட விடுப்பு கேட்டார். அரைச் சம்பளம்தான், பரவாயில்லை என்று பாரிஸில் ஒரு சின்ன வீட்டில் தங்கினார். பகலில் தொழிற்சாலைகளைப் பார்க்கப் போவார். கைவினை, தொழில்நுட்பக் கல்விக்கான நிறுவனத்தில் நடக்கும் வேதியியல் வகுப்புகளைக் கேட்பார். மியூசியம், இசை நாடகம், நூலகம் என்று சுற்றுவார். வயலின் வாசிப்பார். அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவி.

நமக்குப் பொருத்தமான இன்னொரு விஷயமும் தம்பியின் குறிப்பில் இருக்கிறது. வாள்வீச்சு, நடனம், பனிச்சறுக்கு, நீச்சல் இவை எல்லாவற்றிலும் சாடிக்கு ஆர்வம். செய்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றின் பின்னால் இருக்கும் விதி என்ன என்று யோசிக்கும் ஆள்.

1821-ல் நாடு கடத்தப்பட்ட அப்பாவைப் பார்க்க ஜெர்மனியின் மக்டபர்க் நகருக்குப் போனார். அங்கே நீராவி இயந்திரம் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்பாவும் பிள்ளையும் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். திரும்பி வந்ததும் சாடி முழு மூச்சாக நீராவி இயந்திரத்தில் இறங்கினார். 1823 ஆகஸ்ட்டில் அப்பா அங்கேயே இறந்தார். தம்பி இப்போலித் பாரிஸ் திரும்பி அண்ணனோடு தங்கினார். அண்ணன் எழுதிய பக்கங்களைத் தம்பி படித்துப் பார்த்து, சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று சொல்வார். புரியாத இடங்களை அண்ணன் திருத்துவார்.

1824: யாரும் கவனிக்காத 118 பக்கம்

1824 ஜூன் மாதம் புத்தகம் வெளிவந்தது. நெருப்பின் இயக்கு சக்தியைப் பற்றிய சிந்தனைகள் என்பது தலைப்பின் பொருள். 118 பக்கம். 600 பிரதிகள். செலவு சொந்தக் காசு. வயது 28.

அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. இங்கிலாந்து பணக்கார நாடானதற்குக் காரணம் நீராவி இயந்திரம். ஆனால் அந்த இயந்திரங்கள் எரிக்கும் நிலக்கரியில் நூற்றில் பத்துப் பங்குகூட வேலையாக மாறுவதில்லை. இதை எவ்வளவு தூரம் மேம்படுத்தலாம்? எல்லை ஏதாவது இருக்கிறதா? நீராவிக்குப் பதில் காற்று, ஆல்கஹால் என்று வேறு ஏதாவது போட்டால் எல்லை கூடுமா?

அவர் சொன்ன பதிலைப் பாகூர் ஏரியை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் மேட்டில் இருந்து பள்ளத்துக்கு ஓடும். நடுவில் ஒரு சக்கரம் வைத்தால் அது சுற்றும். எவ்வளவு வேலை கிடைக்கும் என்பது இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயர வித்தியாசம். சக்கரத்தைத் தேக்கில் செய்தாலும் இரும்பில் செய்தாலும் அந்த உச்ச எல்லை மாறாது.

வெப்பமும் அப்படித்தான் என்றார் கார்னோ. அது சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாக ஓடும். அந்த ஓட்டத்தில் இருந்து எடுக்கக்கூடிய அதிகபட்ச வேலையை முடிவு செய்வது இரண்டு வெப்பநிலைகள் மட்டுமே. உள்ளே இருப்பது நீராவியா காற்றா என்பது முக்கியமில்லை.

ஏன் இதைத் தாண்ட முடியாது என்பதற்கும் ஒரு வாதம் வைத்தார். குறையே இல்லாத ஓர் இயந்திரத்தைத் திருப்பி ஓட்டவும் முடியும். அதாவது வேலையைக் கொடுத்து, வெப்பத்தைக் குளிர்ந்த இடத்தில் இருந்து சூடான இடத்துக்கு ஏற்ற முடியும், கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது போல. இதைவிடச் சிறந்த இயந்திரம் ஒன்று இருந்தால், அது தரும் வேலையை வைத்தே வெப்பத்தை மறுபடி மேலே ஏற்றிவிட்டு, மிச்ச வேலையைச் சும்மா எடுத்துக்கொண்டே இருக்கலாம். செலவே இல்லாமல் வேலை. அது நடக்காத காரியம். ஆகவே, எல்லை உண்டு.

திருப்பி ஓட்டும் அந்த இயந்திரம்தான் இன்றைய ஃபிரிட்ஜ், ஏ.சி, ஹீட் பம்ப் மூன்றுக்குமே அடிப்படை. ஃபிரிட்ஜ் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அப்போது இல்லை. கார்னோவுக்கு அது ஒரு வாதத்துக்காகத் தேவைப்பட்ட கற்பனை இயந்திரம், அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. பாரிஸ் அறிவியல் அகாடமியில் அறிமுகம் செய்யப்பட்டது. பாராட்டி ஒரு மதிப்புரையும் வந்தது. அதன் பிறகு, ஒன்றுமில்லை. இன்ஜினீயர்களுக்கு அது ரொம்பத் தத்துவமாக இருந்தது, விஞ்ஞானிகளுக்கு அது மெஷின் சமாசாரமாக இருந்தது. பிரதிகள் கடையிலேயே கிடந்தன.

1832: காய்ச்சல், காலரா, காணாமல் போன காகிதங்கள்

1827-ல் ராணுவம் மீண்டும் பணிக்கு அழைத்தது. அடுத்த ஆண்டே வேலையை விட்டுவிட்டு வந்தார். பாரிஸில் உட்கார்ந்து தொடர்ந்து ஆராய்ச்சி. 1830 புரட்சியின்போது ஆட்சி மாறியது, அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் பதவி எதையும் தேடிப் போகவில்லை.

1832 கோடையில் செங்காய்ச்சல் வந்தது. அதில் இருந்து மீள்வதற்குள் மூளையைத் தாக்கும் காய்ச்சல். பாரிஸை அடுத்த இவ்ரியில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் இருந்து பாரிஸில் காலரா பரவிக்கொண்டிருந்தது. 1817-ல் வங்காளத்தில் வெடித்த பிறகு அலை அலையாக உலகைச் சுற்றிய நோய் அது. பாரிஸில் மட்டும் அந்த ஆண்டு 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று அந்தப் பட்டியலில் சாடி கார்னோவும் சேர்ந்தார்.

தொற்றுக்குப் பயந்து, காலராவில் இறந்தவரின் பொருட்களை அழித்துவிடுவது அப்போதைய வழக்கம். அவருடைய காகிதங்களில் பெரும்பகுதி அப்படியே போய்விட்டது. தம்பி கையில் மிஞ்சியது ஒரு சிறிய கட்டுக் குறிப்புகள்.

புத்தகத்தைத் தேடி அலைந்த இளைஞர்

இரண்டு ஆண்டு கழித்து, 1834-ல், அதே கல்லூரியில் படித்த கிளாபேரோன் என்ற இன்ஜினீயர் கார்னோவின் கருத்தை வரைபடமும் சமன்பாடுமாக மாற்றி வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் அந்த மூடிய வளைகோடு அவர் போட்டதில் இருந்து வந்ததுதான்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு 1845-ல் பாரிஸின் புத்தகக் கடைகளில் ஒரு பிரிட்டிஷ் இளைஞர் ஏறி இறங்கினார். பெயர் வில்லியம் தாம்சன், வயது 20. பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். கார்னோ புத்தகம் என்று கேட்டால், தம்பி இப்போலித் எழுதிய அரசியல் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்களாம். சாடி என்ற பெயரே கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. மூலப் புத்தகம் தாம்சன் கைக்கு வர இன்னும் மூன்று ஆண்டு பிடித்தது.

கார்னோவின் விதியை வைத்துத்தான் 1848-ல் தாம்சன் தனி வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார், இன்று நாம் கெல்வின் என்று சொல்வது. 1850-ல் ஜெர்மனியின் கிளாசியஸ் கார்னோவின் வாதத்தில் இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்தார். வெப்பம் என்பது அழியாத ஒரு திரவம் என்றுதான் 1824-ல் கார்னோ நம்பியிருந்தார். உண்மையில் வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாகவே மாறிவிடுகிறது. இந்தத் திருத்தத்தோடு வெப்ப இயக்கவியல் என்ற துறை உருவானது.

1852-ல் தாம்சன் இன்னொரு யோசனையை எழுதினார். கட்டடத்தைச் சூடாக்க நிலக்கரியை நேரடியாக எரிப்பதைவிட, அதை வைத்து ஓர் இயந்திரத்தை ஓட்டி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே ஏற்றினால் செலவு பல மடங்கு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதுதான் ஹீட் பம்ப். 1850-களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் ரிட்டிங்கர் உப்பு காய்ச்சும் ஆலையில் இந்த வகை இயந்திரத்தைச் செய்து பார்த்தார். 1938-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரசபைக் கட்டடத்தை ஆற்றுத் தண்ணீரின் வெப்பத்தால் சூடாக்கினார்கள். 1941-ல் திறந்த அதே நகரத்தின் உள்ளரங்க நீச்சல்குளத்திலும் ஹீட் பம்ப் வந்தது. போர்க்காலம், நிலக்கரித் தட்டுப்பாடு என்பதால் அந்த நாட்டுக்கு வேறு வழியில்லை.

சரி, நம்ம குளத்துக்கு என்ன கணக்கு?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 லிட்டர் தண்ணீர். இதை 4 டிகிரி சூடேற்ற சுமார் 186 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டர் போட்டால் 186 யூனிட் மின்சாரமும் போகும். ஒன்றுக்கு ஐந்து தரும் ஹீட் பம்ப் என்றால் சுமார் 37 யூனிட் போதும். காற்றில் ஆவியாகிப் போகும் வெப்பம் இதில் சேராது, அது தனி.

மீதி 149 யூனிட் எங்கிருந்து வந்தது? காற்றில் இருந்து. பெட்டிக்குள் இருக்கும் குளிர்பொருள் காற்றைவிடக் குளிர்ந்த நிலையில் காயிலில் ஓடி, காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. பிறகு குளத்துத் தண்ணீருக்கு அந்த வெப்பத்தைக் கொடுக்கிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கவில்லை, ஏற்றி இறக்குகிறது.

எல்லை எவ்வளவு? குளிர்பொருள் காற்றுப் பக்கம் 15 டிகிரியிலும், தண்ணீர்ப் பக்கம் 35 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். கெல்வினில் 288, 308. மேல் வெப்பநிலையை வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 308-ஐ 20-ஆல் வகுத்தால் 15.4. இதுதான் கார்னோ எல்லை. உரசல், அழுத்த இழப்பு எல்லாம் போக, நிஜ இயந்திரம் இதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். அதனால்தான் ஐந்து, ஆறு என்று நிற்கிறது.

வித்தியாசம் குறையக் குறைய லாபம் கூடும் என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம். பெட்டியை எங்கே, எப்படி வைப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

வெளியில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

திறந்த இடம் கட்டாயம். அழகு கெடுகிறது என்று பலர் பெட்டியை மோட்டார் ரூமுக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஃபேன் வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றையே பெட்டி மறுபடி உறிஞ்சும். காற்றுப் பக்கம் வெப்பநிலை விழும், வித்தியாசம் கூடும், கரன்ட் பில் ஏறும். ஃபேன் முன்னால் 2 மீட்டர் அளவுக்காவது தடை இல்லாமல் இருப்பது நல்லது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி என்பதை அந்த மாடலின் கையேட்டில் பார்த்து அப்படியே விடுங்கள். மேலே கூரை போட்டால் உயரமாகப் போடவும்.

மேடை உயரமாக இருக்கட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களைப் புரட்டிப்போட்டது. வில்லியனூருக்குச் சங்கராபரணி இருக்கிறது. ஆகவே தரையோடு தரையாக வைக்கக் கூடாது. அந்த ஊரில் 2024-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அதற்கு மேலே காங்கிரீட் மேடை கட்டுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த காற்றை நினைவில் வைத்து, ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். அதிர்வு கேட்காமல் இருக்க நடுவில் ரப்பர் பேட்.

இணைக்கும் வரிசை முக்கியம். குளத்தில் இருந்து பம்ப், பம்பில் இருந்து ஃபில்டர், ஃபில்டரில் இருந்து ஹீட் பம்ப், அதன் பிறகுதான் குளோரின் போடும் கருவி. இது மாறினால் அடர்த்தியான குளோரின் தண்ணீர் நேராக ஹீட் பம்புக்குள் போய் உள் பாகங்களை அரிக்கும். மூன்று வால்வு வைத்து பைபாஸ் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்பேர் என்றால் குளத்தை நிறுத்தாமல் பெட்டியை மட்டும் கழற்றலாம்.

கடலோரம் என்றால் உப்புக்காற்று. மணப்பட்டு போல பாகூர் கொம்யூனின் கடற்கரைப் பகுதிகளில் வைப்பவர்கள், அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள காயிலா என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்ப் பக்கக் குழாய் டைட்டானியத்தில் இருப்பது நல்லது. காயிலை அவ்வப்போது நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

பெட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பதற வேண்டாம். நம்ம ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். குளிர்ந்த காயிலில் அது நீராகப் படியும். சொல்லப்போனால் அந்த ஈரம் நீராக மாறும்போதும் வெப்பம் கிடைக்கிறது, அது நமக்கு லாபம். சந்தேகம் இருந்தால், ஹீட் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு குளத்து பம்பை ஓட விடுங்கள். சொட்டுவது கொஞ்ச நேரத்தில் நின்றால் அது காற்றின் ஈரம், நிற்கவில்லை என்றால் கசிவு. அந்தத் தண்ணீர் வழிந்தோடச் சின்ன வாய்க்காலோ பைப்போ வையுங்கள்.

மின் இணைப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். தனி எம்.சி.பி, ஆர்.சி.சி.பி, முறையான எர்த். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மட்டும் செய்யுங்கள். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று மின்துறையில் கேளுங்கள். தோட்டத்து விவசாய இணைப்பில் இருந்து இழுக்கக் கூடாது. கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் அதற்கான பாதுகாப்பும் தேவை.

ஓட்ட வேண்டியது பகலில். குளிர்காலத்தில் நம்ம பக்கம் விடியற்காலை 21, 22 டிகிரி இருக்கும்போது, மதியம் 28-ஐத் தொடும். சூடான காற்றில் இருந்து வெப்பத்தை ஏற்றுவது சுலபம், கார்னோ கணக்கு அப்படி. மதியம் ஓட்டிவிட்டு, சாயங்காலம் குளத்துக்குக் கவர் போட்டு மூடுங்கள். திறந்த குளம் வெப்பத்தை இழப்பதில் பெரும்பங்கு ஆவியாதல்தான். கவர் இல்லாமல் ஹீட் பம்ப் ஓட்டுவது, மதகை மூடாமல் ஏரியை நிரப்புவது மாதிரி.

விளம்பர எண்ணை எப்படிப் படிப்பது?

சில விளம்பரங்களில் சி.ஓ.பி 15, 16 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்பதுதான் அந்த எண். அது பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. காற்று 26, 27 டிகிரி, தண்ணீரும் கிட்டத்தட்ட அதே அளவு, ஈரப்பதம் 80 சதவீதம், கம்ப்ரசர் மிகக் குறைந்த வேகம் என்ற சாதகமான நிலையில் வெப்பநிலை வித்தியாசம் ரொம்பச் சுருங்கும், எண் ஏறும். முழு வேகத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கலாம். அதனால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் காற்று வெப்பநிலையில்? எந்தத் தண்ணீர் வெப்பநிலையில்? எந்த வேகத்தில்? அதே மாடலுக்குக் காற்று 15 டிகிரியில் என்ன எண் என்றும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிஜ நிலவரம் தெரிந்துவிடும்.

தம்பி காத்துவைத்த குறிப்புகள்

சாடி இறந்து 46 ஆண்டு கழித்து, 1878-ல், வயதான இப்போலித் கார்னோ அண்ணனின் புத்தகத்தை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வாழ்க்கைக் குறிப்பையும், அழிவில் தப்பிய அந்தக் கையெழுத்துத் தாள்களையும் அதில் சேர்த்தார்.

அதைப் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். வெப்பம் ஒரு திரவம் என்ற தன் கருத்தே தவறு என்று சாடி இறப்பதற்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தார். வெப்பம் என்பது இயக்கம்தான், வேலையாக மாறும்போது அது அழிகிறது, வேலை அழியும்போது அது பிறக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தார். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று ஓர் எண்ணையும் கணக்கிட்டு வைத்திருந்தார். 1840-களில் மேயரும் ஜூலும் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற அதே விஷயம். என்னென்ன சோதனைகள் செய்து பார்க்க வேண்டும் என்ற பட்டியல்கூட அதில் இருந்தது. அவற்றைச் செய்து பார்க்கத்தான் அவர் இல்லை.

இப்போலித்தின் மகனுக்கும் பெரியப்பாவின் நினைவாகச் சாடி என்றே பெயர். அந்தச் சாடி கார்னோ 1887-ல் பிரான்ஸின் குடியரசுத் தலைவரானார், 1894-ல் லியோன் நகரில் கொல்லப்பட்டார். இணையத்தில் பெயரைத் தேடும்போது இருவரும் மாறி மாறி வருவார்கள். குழம்ப வேண்டாம். தாடி வைத்தவர் குடியரசுத் தலைவர். கல்லூரிச் சீருடையில், பதினேழு வயதுப் பையனாக ஓவியத்தில் இருப்பவர்தான் நம்ம ஹீட் பம்பின் கணக்கைப் போட்டவர்.